பூட்டன் எங்கிருந்து வந்தார்?

“எங்கள் வீடு மதுரை செல்லூரில். மூன்று தலைமுறையாகக் கைத்தறி. அப்பத்தா சொல்வது: ‘உங்க பூட்டன் தாது வருஷப் பஞ்சத்துல பிழைக்க வந்தவரு, சிலோன்ல கணக்குப்பிள்ளையா இருந்தாரு, அப்புறம்தான் தறி.’ குலதெய்வம் பேரையூர்ப் பக்கம் ஒரு காட்டுக் கோவில். எந்த ஊர், என்ன தொழில், ஏன் கிளம்பினார்கள் என்பதைக் காகிதத்தோடு கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?” தம்பி கேட்டிருப்பது இதுதான்.

வழி இருக்கிறது. நான் மதுரைக் கோர்ட்டுப் பக்கம் முப்பத்தைந்து வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். சொத்து வழக்குகளுக்காகப் பழைய பத்திரம் தேடுவதும், கட்சிக்காரர் சொல்லச் சொல்லக் கொடிவழி எழுதுவதும்தான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் வாழ்க்கை வரலாறு எழுதி வைக்கவில்லை, கணக்கு எழுதி வைத்தார்கள். கடன் வாங்கியிருந்தால், தீர்வை கட்டியிருந்தால், மொய் செய்திருந்தால், பங்கு பிரித்திருந்தால், பூட்டன் பெயர் ஏதோ ஒரு நோட்டில் உட்கார்ந்திருக்கும். அவர் கையிலிருந்து பணம் எங்கே போனது, யாரிடமிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் ஊரும் தொழிலும் தானாக வரும்.

காகிதத்துக்குப் போகும் முன்னால் அப்பத்தா சொன்னதைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்ப்போம். உங்களுக்கு முப்பது வயது என்று வைத்துக்கொள்கிறேன். தலைமுறைக்கு முப்பது வருடம் போட்டால் அப்பா 1965 வாக்கில், தாத்தா 1935 வாக்கில், பூட்டன் 1905 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கி 1878 வரை இழுத்தது. அப்போது பூட்டன் பிறக்கவே இல்லை. பஞ்சத்தில் கிளம்பியது அவருடைய அப்பாவோ தாத்தாவோதான்.

அதற்காக அப்பத்தா சொன்னது தப்பு என்று தள்ளிவிடாதீர்கள். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும். 1876-இல் வந்த தாது, 1936-இல் மறுபடி வந்தது. 1930-களில் உலகமெங்கும் வியாபாரம் படுத்து, தேயிலை, ரப்பர் விலை விழுந்து, சிலோன் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பூட்டன் 1936-இல் முப்பது வயது ஆளாக ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாம் வழியாகத் திரும்பி வந்து, செல்லூரில் தறியில் உட்கார்ந்திருக்கலாம். ‘தாது வருஷத்துல வந்தோம்’ என்று அவர் சொன்னதை, ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று ஏற்கெனவே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த கதையோடு அடுத்த தலைமுறை ஒட்டிவிட்டிருக்கும். இப்படி இரண்டு பேர் கதை ஒருவர் தலையில் ஏறுவது குடும்பக் கதைகளில் சர்வ சாதாரணம். இது என் ஊகம்தான். ஆனால் எதைச் சோதிக்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது இல்லையா?

சரி, தேடலை எந்த ஆபீஸிலும் தொடங்காதீர்கள். வீட்டு டிரங்குப் பெட்டியில் தொடங்குங்கள், அதுவும் பங்காளி வீடுகளையும் சேர்த்து. இங்கே ஓர் எச்சரிக்கை. ‘பெரியப்பா, பழைய பத்திரம் இருந்தா காட்டுங்களேன்’ என்று போய் நின்றால், சொத்தில் பங்கு கேட்க வந்துவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். பெட்டிச் சாவி அன்றைக்கே தொலைந்துவிடும். என் கட்சிக்காரர் ஒருவருக்கு அவருடைய சொந்தச் சித்தப்பா மூன்று வருடம் கதவு திறக்கவில்லை. நீங்கள் முதலில் மொய் நோட்டைக் கேளுங்கள். அதைக் காட்ட யாரும் பயப்பட மாட்டார்கள்.

சொல்லப்போனால் மொய் நோட்டைப் போல ஒரு குடும்ப ஆவணம் மதுரைப் பக்கம் வேறில்லை. எங்கள் பக்கத்து நோட்டுகளில் ஊர்ப் பெயரை முதலில் எழுதி, அப்புறம் ஆள் பெயர், தொகை என்று போவார்கள். 1950-களில் நடந்த ஒரு காதுகுத்து நோட்டை எடுத்து, ஊர் ஊராகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். செல்லூர்க்காரர்கள் நாற்பது பேர் இருப்பார்கள், அது அக்கம்பக்கம். நடுவில் மதுரைக்குத் தெற்கே ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து பதினைந்து பேர் வந்து மொய் செய்திருந்தால், அதுதான் நீங்கள் புறப்பட்ட ஊர், அல்லது பெண் எடுத்த ஊர். இரண்டையும் பிரிக்க முதல் பக்கத்தைப் பாருங்கள். தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அங்கே தெரியும். அந்த ஊரைக் கழித்தால் மிஞ்சுவது பங்காளி ஊர். பெயருக்குப் பக்கத்தில் ‘தறிக்காரர்’, ‘வண்டிக்காரர்’, ‘மில்லு’, ‘கொழும்பு’ என்று அடையாளத்துக்காக எழுதியிருப்பார்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் வேறு எப்படிப் பிரிப்பது? எழுதினவர் மறுமொய் செய்வதற்காக எழுதினார், நமக்கு அது தொழில் விவரமாக வந்து சேருகிறது.

குலதெய்வம் இதற்கு அடுத்த சாட்சி. மாசி மாதச் சிவராத்திரிக்கு அந்தக் காட்டுக் கோவிலுக்குப் போய், பொங்கல் வைத்துவிட்டு உடனே வண்டி ஏறாமல், யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். கோவில் வரி கட்டுகிற குடும்பங்களைப் பூசாரியோ, வரி வசூலிக்கிறவரோ ஒரு நோட்டில் வகையறா வாரியாக வைத்திருப்பார். அதில் உங்கள் வகையறாவின் பெயரே ஒரு தொழிலாகவோ ஊராகவோ இருக்கலாம். ஆனால் கோவில் இருக்கிற ஊர்தான் சொந்த ஊர் என்று அடித்துச் சொல்லிவிடக் கூடாது. பிடிமண் எடுத்து வந்து புது இடத்தில் சாமியை வைக்கும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. ‘இது ஆதிக் கோவிலா, பிடிமண் கோவிலா?’ என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது பத்திரம். செல்லூர் வீடு சொந்த வீடாக இருந்தால் அதன் மூலப் பத்திரத்தை எடுங்கள். எல்லோரும் சொத்து விவரத்தைப் படிப்பார்கள், நீங்கள் முதல் நாலு வரியைப் படியுங்கள். பதிவுச் சட்டத்திலேயே, பத்திரத்தில் வருகிற ஆளின் குடியிருப்பு, தொழில், தகப்பன் பெயர் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதனால் பழைய பத்திரங்களில் ‘இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், விவசாய ஜீவனம்’ என்று தொடங்கும். ஜாதி, சைவமா வைணவமா என்பதும் சேர்ந்து வரும். ஜீவனம் என்ற அந்த ஒரு சொல்தான் உங்களுக்கு வேண்டும். முத்திரைத்தாளின் பின்பக்கத்தையும் திருப்புங்கள். அதை யார் வாங்கினார், எந்த ஊர்க்காரர், எந்தத் தேதி, எந்த ஊர் வெண்டரிடம் வாங்கினார் என்று எழுதியிருக்கும். அப்புறம் கடைசியில் சாட்சிகள். சாட்சிக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் சொந்த ஊர்க்காரனோ மைத்துனனோதான்.

என் குடும்பத்துக் கதையைச் சொல்கிறேன். எங்கள் முன்னோர் ராமநாதபுரம் சமஸ்தானத்தில் கணக்கு எழுதியவர்கள் என்று எங்கள் சீயான் (தாத்தா) பெருமையாகச் சொல்வார். நானும் அதை நம்பி இரண்டு கல்யாணப் பேச்சில் எடுத்துவிட்டிருக்கிறேன். பின்னால் ஒரு பங்காளி வீட்டிலிருந்து சோபகிருது வருஷத்து ஒத்திப் பத்திரம் ஒன்று கிடைத்தது. திருச்சுழிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் புன்செய்யை ஒத்தி வைத்திருக்கிறார் எங்கள் பூட்டன். ஜீவனம்: வண்டி. அவ்வளவுதான். சமஸ்தானம் எங்கேயும் இல்லை. ஒத்திப் பணம் எதற்கு என்றால், ‘மாடு வாங்குவதற்காக’ என்று பத்திரத்திலேயே இருக்கிறது. பருத்திப் பொதி ஏற்றி மதுரைக்கு வண்டி ஓட்டினவர், ஒரு நாள் திரும்பிப் போகவில்லை. மதுரையில் ஹார்வி சகோதரர்களின் மில் 1892-இலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. கரிசல் பருத்திக்கு இங்கே நல்ல கிராக்கி. கணக்குப்பிள்ளை போய் வண்டிக்காரர் வந்ததில் வீட்டில் சிலருக்கு வருத்தம். எனக்கு என்னவோ, மாட்டுக்காக நிலத்தை வைத்த அந்த மனுஷனைத்தான் பிடித்திருக்கிறது.

சோபகிருது என்றதும் 1903 என்று எப்படி முடிவு செய்தேன்? 1843-ஆகவும் இருக்கலாம், 1963-ஆகவும் இருக்கலாமே. அதே பத்திரத்தில் பசலி, அதாவது தீர்வைக் கணக்கு வருஷம், 1313 என்று இருந்தது. பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருடம் வரும். ஜூலையில் பிறந்து அடுத்த ஜூனில் முடிகிற கணக்கு அது. 1313-உடன் 590 சேர்த்தால் 1903. இரண்டும் ஒத்துப்போகிறது. தமிழ் வருஷம் மட்டும் இருந்து பசலி இல்லாவிட்டால், முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது என்று பாருங்கள். விக்டோரியா ராணியா, எட்வர்டா, ஜார்ஜா என்பதே காலத்தைச் சொல்லிவிடும்.

பழைய கையெழுத்து முதலில் மிரட்டும். புள்ளி இருக்காது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது. ‘ஷை’ என்று வந்தால் மேற்படி. எண்கள் தமிழ் எண்களாக இருக்கும். வருஷம், மாதம், தேதி, ரூபாய் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி (௵, ௴, ௳, ௹). ஒரு வாரம் பழகினால் போதும். எல்லாப் பத்திரமும் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். ஒன்றைப் படித்துவிட்டால் நூறைப் படிக்கலாம்.

வீட்டில் பத்திரம் இல்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகம். நம் மாகாணத்தில் பத்திரப் பதிவு 1860-களின் நடுவிலிருந்து நடக்கிறது. நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரங்களின் நகல் ஒன்றாம் புத்தகத்தில் இருக்கும். அதற்கு இரண்டு அட்டவணை, ஒன்று ஆள் பெயர் வாரியாக, இன்னொன்று சொத்து வாரியாக. வில்லங்கம் போடுகிறவர்கள் எல்லோரும் சர்வே எண்ணை வைத்துச் சொத்து அட்டவணையைத்தான் பார்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியது பெயர் அட்டவணை. அதில் ஆளின் ஊரும் தொழிலும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பெயரும் வரும். கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் ஒன்றாம் புத்தகத்தைப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் அண்மைக் காலத்துக்குத்தான் உதவும். 1930-களுக்கெல்லாம் நேரில் மனுப் போட்டு, அந்தக் கிராமம் அன்றைக்கு எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்று கேட்டுத்தான் போக வேண்டும். உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும்.

‘எங்கள் பூட்டனுக்கு நிலமே இல்லையே, பத்திரத்துக்கு எங்கே போக?’ என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு நான் சொல்வது, மால் (சொத்தின் நாலு பக்கத்து எல்லை விவரம்) படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரன் தன் வீட்டை விற்றிருப்பான் அல்லவா? அந்தப் பத்திரத்தில் நான்கு மால் எழுதும்போது, ‘இன்னார் கொல்லுப்பட்டறைக்குக் கிழக்கு, இன்னார் குடியிருப்புக்குத் தெற்கு, தறிமேடைச் சந்துக்கு வடக்கு’ என்று வரும். தன் பெயரில் ஒரு சென்ட் இல்லாத மனிதர்கூட அடுத்தவர் பத்திரத்தில் எல்லையாக நிற்பார். எத்தனையோ வழக்குகளில் குடிசை இருந்ததற்கு இதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே சாட்சி.

பட்டா நிலம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, இனாம் பதிவேடு. 1860-களில் இனாம் கமிஷன் ஊர் ஊராகப் போய், யார் எந்த மானிய நிலத்தை என்ன வேலைக்காக அனுபவிக்கிறார் என்று எழுதியது. குயவர், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார், கோவில் மேளக்காரர், மடை திறக்கிற நீர்ப்பாய்ச்சி என்று ஊர் ஊழியம் செய்த குடும்பங்கள் அதில் அனுபவதாரர் பெயரோடு வரும். பிரதி வேண்டுமானால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். கோவில் நில வழக்குகளுக்கு நாங்கள் அங்கிருந்துதான் வாங்குவோம். நிலம் வைத்திருந்தவர்களுக்கு, சர்வே எண் வாரியாக நிலத்தையும் உடையவரையும் எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடு, ‘அ’ பதிவேடு. இதில் யூ.டி.ஆருக்கு (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) முந்தையதைக் கேளுங்கள். 1980-களில் பட்டாவைப் புதுப்பித்தபோது பெயர்கள் எல்லாம் அன்றைய அனுபவத்துக்கு மாறிவிட்டன. 1980 முடிவில் கிராமக் கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒழித்தபோது பல கிராமத்துக் கட்டுகள் இடம் மாறியதும் நடந்தது. ஜமீன் கிராமமாக இருந்தால், 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு சர்க்கார் சர்வே செய்து தயாரித்ததுதான் தொடக்கம். அதற்கு முன்னால் உள்ளது ஜமீன் கணக்கு.

ஊர் எந்த மாவட்டம் என்பதில் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். பழைய மதுரை ஜில்லா இன்றைய மதுரை மாவட்டம் இல்லை. 1910-இல் அதிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிரித்து ராமநாதபுரம் ஜில்லா உண்டானது. 1985-இல் திண்டுக்கல்லும் 1996-இல் தேனியும் மதுரையிலிருந்து பிரிந்தன. ரமண மகரிஷி பிறந்த திருச்சுழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1879-இல் அவர் பிறந்தபோது மதுரை ஜில்லா, 1910-க்குப் பின் ராமநாதபுரம், 1985-இலிருந்து விருதுநகர். ஊர் அசையவே இல்லை, மூன்று மாவட்டம் ஆகிவிட்டது. போதாததற்கு ராமநாதபுரம் மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் பல்லாண்டுகள் மதுரையிலேயே இருந்தது. உங்கள் பேரையூர் நூறு வருடத்துக்கு முன் திருமங்கலம் தாலுகா. உசிலம்பட்டியும் அப்படித்தான். சோழவந்தான் நிலக்கோட்டைத் தாலுகா. கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பெரியகுளம் தாலுகா. ஆகவே ‘திருமங்கலம்’ என்று பத்திரத்தில் பார்த்ததும் திருமங்கலம் டவுனுக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள்.

நகருக்குள் இருக்கிறவர்களுக்கு ஒரு துணுக்கு. மதுரைக் கோட்டைச் சுவரை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் சொல்லி, அகழியைத் தூர்த்து, அந்த இடத்தில் ஜனங்களைக் குடியேற்றினார். வெளி வீதிகளும், சர்வேயர் மாரெட் பெயரிலும் மேஸ்திரி பெருமாள் பெயரிலும் இருக்கிற தெருக்களும் அப்போது வந்தவை. ‘நாயக்கர் காலத்திலிருந்து வெளி வீதியில் இதே மனையில் இருக்கிறோம்’ என்று யாராவது சொன்னால், அங்கே நின்றது கோட்டையும் அகழியும். எழுத்தாணிக்காரத் தெரு, பச்சரிசிக்காரத் தெரு, மஞ்சணக்காரத் தெரு, சித்திரக்காரத் தெரு எல்லாம் தொழிலால் வந்த பெயர்கள்தான். ஆனால் அந்தத் தெருவில் இருந்ததால் அந்தத் தொழில் என்று முடிவு கட்டுவது, கோர்ட்டில் செல்லாத சாட்சி.

பெயர்க் குழப்பத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம்மிடம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். பெயரைக் கொண்டவன் என்பதால்தானே பெயரன், பேரன்? முத்து மகன் கருப்பன், கருப்பன் மகன் முத்து, அந்த முத்து மகன் மறுபடி கருப்பன். தகப்பன் பெயரைச் சரிபார்த்தாலும் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் தகப்பன் பெயரும் ஒன்றுதான். நானே ஒரு முறை தாத்தா எழுதிய பத்திரத்தைப் பேரனுடையது என்று கட்டில் சேர்த்துவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ‘இவர் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னாடி கையெழுத்துப் போட்டிருக்கிறாரே?’ என்று கேட்டபோது கோர்ட்டே சிரித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் மனைவி பெயர், ஊர், வருடம் மூன்றையும் எழுதாமல் கொடிவழி போட்டதில்லை.

இனி சிலோன். உங்கள் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, ஏனென்றால் அங்கே எல்லாமே கடன் கணக்கு. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப் போவார். தொழிலாளி தோட்டம் மாறினால் அவர் பேரில் உள்ள கடனை எழுதிய ‘துண்டு’ கூடவே போகும். புதுத் தோட்டத்துக்காரர் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். இந்தத் துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஆள் சேர்ப்பதைக் கவனிக்க சிலோன் தோட்டக்காரர்கள் 1904-இல் திருச்சியில் லேபர் கமிஷன் வைத்தார்கள். கழுத்தில் எண் அடித்த தகரத் துண்டு கட்டி அனுப்பிய காலம் அது. டிரங்குப் பெட்டியில் ஓட்டை போட்ட தகர வில்லை ஏதாவது கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதைவிட அதிகம் கிடைக்கக்கூடியது மணியார்டர் கூப்பன். அதில் தபால் முத்திரை இருந்தால் எந்த ஊர்த் தோட்டம் என்று தெரிந்துவிடும். தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறு. அப்பத்தா சொல்கிற தோட்டப் பெயர் வரைபடத்தில் இல்லாவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள், முத்திரையில் உள்ள தபாலாபீஸைப் பிடியுங்கள்.

‘கணக்குப்பிள்ளை’ விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் வேலையாட்களை மேய்த்து, பெரட்டில் (காலையில் ஆட்களைக் கூட்டும் இடம்) பெயர் கூப்பிட்டு, செக்ரோலுக்கு (வேலைநாள் பதிவேடு) கணக்குக் கொடுக்கிறவர். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பூட்டன் ஊரில் எழுதிய பத்திரம் கிடைத்து, அதில் கைநாட்டு வைத்திருந்தால், அவர் கணக்கப்பிள்ளையாக இருந்திருப்பது கஷ்டம். கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் பார்த்தவராக இருக்கலாம். கையெழுத்து இருந்தால் அப்பத்தா சொன்னது நிற்கும். ஒரு கையெழுத்தில் தீருகிற விஷயம் இது. 1939-இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளாகச் சிலோன் போவதைத் தடுத்துவிட்டது, ஆகவே போனது அதற்கு முன்னாலாகத்தான் இருக்கும். பங்காளிகளில் யாராவது அங்கேயே தங்கி, 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி பின்னால் திரும்பியிருந்தால், அவர்களிடம் குடும்ப அட்டை இருக்கும். அதில் தோட்டத்தின் பெயரோடு குடும்பத்தார் பெயர்களும் வரும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரீஷியஸ், பிஜி என்று போனவர்களின் வாரிசுகள் இதைப் படித்தால், உங்கள் வேலை எங்களைவிடச் சுலபம். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரையும், பிஜிக்கு 1879 முதல் 1916 வரையும் போன ஒப்பந்தக் கூலிகளின் பட்டியலில் தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம், வயது, உடம்பிலுள்ள அடையாளம் வரை இருக்கும். மொரீஷியஸில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட் படத்தோடு வைத்திருக்கிறது. ஊர்ப் பெயர்தான் வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

செல்லூருக்கு வந்த பிறகான காலத்துக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். உறுப்பினர் பதிவேடு, பங்குச் சான்று, நூல் கடன் கணக்கு இருக்கும். சங்கத்தில் சேர்ந்த வருடம் தெரிந்தால் தறி எப்போது வந்தது என்பது தெரிந்துவிடும். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு டிக்கெட் நம்பர், 1952-க்குப் பின் பி.எப். காகிதம். தாத்தா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேட்டால் சில இடங்களில் காட்டுவார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோவில் பதிவேடுகள் பெரிய வரம். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படியான கல்யாணப் பதிவில் மணமக்களின் தொழில், குடியிருப்பு, தகப்பன் பெயர் எல்லாம் எழுதியாக வேண்டும். சேசு சபையின் மதுரை மிஷன் ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன.

பிறமலைக் கள்ளர் குடும்பங்களுக்கு இன்னொரு வகைப் பதிவு உண்டு, வலி நிறைந்தது. மதராஸ் மாகாணத்தில் 1911-க்குப் பின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஊர் ஊராக ஆண்களின் பெயரையும் கைரேகையையும் பதிந்தார்கள். ஊரைவிட்டு வெளியே தங்க ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். 1947-இல்தான் இந்தச் சட்டம் இங்கே போனது. யார் எப்போது எங்கே போனார் என்று இவ்வளவு விவரமாக வேறு யாரைப் பற்றியும் சர்க்கார் எழுதி வைக்கவில்லை. அந்தப் பதிவைத் தேடுவதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சென்சஸில் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. இங்கிலாந்தில் நூறு வருடம் கழித்து வீட்டு வாரியான தாளைத் திறந்து காட்டுகிறார்கள், நம்மிடம் அது இல்லை. எண்ணிக்கை மட்டும்தான் வெளியே வரும்.

பெண்கள் தொழில் ஏன் எங்கும் வரவில்லை என்று என் மகள் ஒரு நாள் கேட்டாள். பத்திரத்தில் ‘இன்னார் சம்சாரம், வீட்டு வேலை’ என்றுதான் எழுதுவார்கள். பகல் முழுக்கப் பாவு போட்டு, தார் சுற்றியவளுக்கும் அதே வீட்டு வேலைதான். அப்பத்தாவின் அம்மா என்ன செய்தார் என்பதைக் காகிதத்தில் தேடாதீர்கள், அப்பத்தாவிடமே கேளுங்கள்.

பாகப்பிரிவினை வழக்கு ஏதாவது குடும்பத்தில் நடந்திருந்தால் அதுதான் ஜாக்பாட். வழக்குரையோடு கொடிவழி இணைத்திருப்பார்கள், எதிர்த்தரப்பு அதை வரிக்கு வரி மறுத்திருக்கும். வழக்குக் கட்டை வருடம் போனால் அழித்துவிடுவார்கள். தீர்ப்பு நகல் வீட்டிலோ அந்தக் கால வக்கீல் வீட்டுப் பரணிலோ இருக்கும்.

உங்களுக்கு நான் போடும் வரிசை இது. இந்த வாரம் அப்பத்தாவிடம் பேசிப் பதிவு செய்யுங்கள், ‘எப்போ’ என்று கேட்காமல், ‘அப்போ தாத்தாவுக்கு எத்தனை வயசு, பெரியாத்துத் தண்ணி வந்துருச்சா, கப்பல்ல போனாரா, ரயில்ல போனாரா’ என்று கேளுங்கள். பெரியாறு அணை திறந்தது 1895, பாம்பன் பாலம் 1914. அந்தப் பதிலே வருடத்தைச் சொல்லும். அடுத்து மொய் நோட்டு, அப்புறம் செல்லூர் வீட்டு மூலப் பத்திரம். அதில் பூட்டன் கையெழுத்தா, கைநாட்டா என்று பாருங்கள். ஊர்ப் பெயர் ஒன்று தெரிந்ததும் திருமங்கலம் பக்கத்துச் சார்பதிவகத்தில் பெயர் அட்டவணைக்கு மனுப் போடுங்கள். 1925 முதல் 1940 வரை தேடச் சொன்னால் போதும். சிலோன் போகும் முன் நிலத்தை ஒத்தி வைத்திருந்தாலும், திரும்பி வந்து விற்றிருந்தாலும் அந்தப் பதினைந்து வருடத்துக்குள்தான் இருக்கும். போட்டோ எடுக்கும்போது பத்திரத்தின் பின்பக்கத்தையும் எடுத்துவிடுங்கள் தம்பி, அதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.